வெரோனாவின் கற்படியா, பிரெகன்ஸின் ஏரி மேடையா? ஓப்பராவுக்கு ஒதுக்கிய ஓர் இரவு

அடுத்த ஜூலையில் அம்மா சுவிட்சர்லாந்து வருகிறார். செயின்ட் காலன் நகரில் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்குவார். அதில் ஓர் இரவு திறந்தவெளி ஓப்பராவுக்கு (பாடியே கதை சொல்லும் மேலைநாட்டு இசைநாடகம்) என்று எல்லோருமாகப் பேசி முடித்துவிட்டோம். எந்த ஊரில் என்பதில்தான் இழுபறி. அக்கா பிரெகன்ஸ் என்கிறாள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இரவே வீடு திரும்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. நான் வெரோனா என்கிறேன். அது ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம், இத்தாலியில் இருக்கிறது. போய்ச் சேர ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் ரயிலில் உட்கார வேண்டும். இரண்டு ஊரிலும் நான் கோடை இரவுகளில் ஓப்பரா பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மாவுக்காக யோசிக்கத் தொடங்கிய பிறகுதான், இரண்டும் எவ்வளவு வேறு வேறு அனுபவம் என்பது எனக்கே தெளிவானது. விடுமுறைக்கு ஐரோப்பா போகும் நம்மவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஓப்பரா பார்க்க வேண்டும் என்றால் வியன்னாவிலோ மிலானிலோ பெயர்பெற்ற அரங்குக்குள் போய்ப் பார்க்கலாமே, எதற்கு வெட்டவெளி? காரணம் எளிது. நமக்கு விடுமுறை கிடைக்கும் காலத்தில் அந்த அரங்குகளுக்கும் விடுமுறை. வியன்னா அரசு ஓப்பரா ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மூடிக்கிடக்கும். மிலானின் ஸ்காலா ஆகஸ்டில் ஓய்வெடுக்கும். பாடகர்களும் இசைக்கலைஞர்களும் கோடையில் விழாக்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே கோடையில் போகிறவருக்கு வானமே கூரை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னால்தான் என் வாதம் புரியும். ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய பக்கம் அவர் தலைவைத்துப் பார்க்கமாட்டார். சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் நிற்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி, தவிலின் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து விழும் தூரத்தில் போய் நின்றுகொள்வார். “குழாயில் வருவது வெறும் சத்தம். இங்கே நின்றால்தான் மூச்சு கேட்கும்” என்பார். ஓப்பராவும் அடிப்படையில் மூச்சின் கலைதான். எழுபது எண்பது பேர் கொண்ட இசைக்குழு எழுப்பும் ஒலியைத் தாண்டி, ஒரு மனிதக் குரல் தன் பலத்தாலேயே கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். அதற்காகவே ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு இடங்களையும் எடைபோடுகிறேன்.

வெரோனா அரீனா ரோமானியர் காலத்து வட்டரங்கு. கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டியது. வாள்வீரர்கள் மோதிய களம். 1117ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வெளிச்சுற்று மதில் சரிந்து, இன்று அதில் நான்கு வளைவுகள் மட்டுமே ஓரமாக நிற்கின்றன. உள்ளே படிக்கட்டுச் சுற்றுகள் முழு வட்டமாக இருக்கின்றன. 1913இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தி பிறந்து நூறாண்டு நிறைந்ததைக் கொண்டாட என்ன செய்யலாம் என்று யோசித்த டெனர் (மேல்ஸ்தாயி ஆண்குரல்) பாடகர் ஜோவன்னி செனத்தெல்லோ, இந்த அரங்கில் ஓப்பரா போடலாம் என்றார். நண்பர்களைப் படிகளில் அங்கங்கே உட்காரவைத்துவிட்டு, கீழே நின்று ‘ஐடா’ ஓப்பராவின் தொடக்கப் பாடலைப் பாடிக் காட்டினாராம். மேல்படி வரை கேட்டிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி ‘ஐடா’ மேடையேறியது. துல்லியோ செராஃபின் இசையை நடத்தினார். 1947இல் புகழ்பெற்ற பாடகி மரியா காலாஸ் இத்தாலியில் முதன்முதலாகப் பாடியதும் இந்த மேடையில்தான், ‘லா ஜோகோந்தா’. அன்றும் இசையை நடத்தியவர் செராஃபின்தான். இடையில் இரண்டு உலகப் போர்களின் காலம் போன்ற சில ஆண்டுகள் தவிர, ஒவ்வொரு கோடையிலும் விழா நடந்துவருகிறது.

டிக்கெட் இரண்டு வகை. அரங்கின் தரையில் நாற்காலி வரிசைகள், சுற்றிலும் படிகள். நான் போனபோது படிகளில் கீழ்ப்பகுதிக்கு எண் இருந்தது, மேல்பகுதிக்கு இல்லை. எண் இல்லாத படி என்றால் முதலில் வந்தவருக்கே இடம். விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது: மேல்படிக்குச் சுமார் 30 யூரோ, முன்வரிசை நாற்காலிக்கு அதைப்போல் பத்து மடங்குக்குப் பக்கம் போகும். முன்வரிசைக்காரர்கள் பட்டும் கோட்டுமாக வருவார்கள். படியில் பருத்திச் சட்டையோடு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்காரலாம். கண்ணாடிப் பாட்டில் மட்டும் உள்ளே விடமாட்டார்கள்.

நான் பார்த்தது ‘நபுக்கோ’. எண் இல்லாத படிக்குத்தான் டிக்கெட் வாங்கியிருந்தேன். இரவு ஏழு மணிக்கே உள்ளே போய்விட்டேன். உட்கார்ந்ததும் முதலில் தெரிந்தது கல்லின் சூடு. பகல் முழுதும் வெயில் குடித்த கல் அது. வாடகைக்கு எடுத்த மெத்தைத் துண்டைத் தாண்டியும் அந்தச் சூடு ஏறியது. பத்து மணிக்குத்தான் இதமான வெதுவெதுப்பாக அடங்கியது. கல்லைக் கிட்ட இருந்து பார்த்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ரேகைகள். காலங்காலமாக ஆட்கள் ஏறி இறங்கிய விளிம்புகள் வழவழவென்று உருண்டிருக்கின்றன. என் படியில் யாரோ முந்தைய இரவு ஏற்றிய மெழுகுவர்த்தியின் மெழுகு, காசு அளவுக்கு ஒட்டிக் காய்ந்திருந்தது. இருட்டியதும் அந்த மெழுகின் கதை புரிந்தது. படிகளில் இருப்பவர்கள் விரல் நீளச் சிறு மெழுகுவர்த்திகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பற்றவைத்துக்கொள்கிறார்கள். மின்விளக்கு போதாத காலத்தில் பாடல் புத்தகத்தைப் படிக்க ஏற்றியது, பிறகு வழக்கமாகவே நிலைத்துவிட்டது என்கிறார்கள். எதிர்ப்பக்கச் சரிவு முழுவதும் ஒளிப்புள்ளிகள். கார்த்திகை தீபத்தன்று மாடியில் நின்று தெருவைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. வேடமிட்ட ஒரு பெண் மேடைக்கு வந்து பெரிய சேகண்டி போன்ற ஒன்றை அடித்துவிட்டுப் போனாள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம் அந்த ஓசைக்கு அடங்கியது.

பிரெகன்ஸ் ஆஸ்திரியாவின் மேற்கு மூலையில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியை ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. 1946இல், போர் முடிந்த மறு ஆண்டு, ஊரில் அரங்கம் கிடையாது. ஜல்லி ஏற்றும் இரண்டு படகுகளைக் கரையோரம் நிறுத்தினார்கள். ஒன்றில் நடிகர்கள், மற்றதில் இசைக்குழு. மொசார்ட் தமது 12ஆம் வயதில் எழுதிய ‘பாஸ்தியன் உண்ட் பாஸ்தியென்’தான் முதல் நிகழ்ச்சி. அந்தப் படகுகள் வளர்ந்து இன்று தண்ணீருக்குள் தூண் ஊன்றிய மாபெரும் மேடையாகிவிட்டன. கரையில் சுமார் 7,000 பேர் உட்காரும் இருக்கைகள் இருக்கின்றன. இரண்டு கோடைக்கு ஒரே ஓப்பரா. அதற்கென்றே ஒரு காட்சியமைப்பைக் கட்டுவார்கள், முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். 2022, 2023 கோடைகளில் ‘மதாம் பட்டர்ஃப்ளை’க்காக ஏரியில் மிதப்பதுபோல் நிறுத்திய மடிப்பு மடிப்பான காகிதத் தாள் வடிவ மேடையின் எடை 300 டன். 2026, 2027க்கு ‘லா திராவியாத்தா’.

அக்காவோடு நான் பார்த்தது 2019இல் ‘ரிகோலெத்தோ’. சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோமாளியின் தலை. ரிகோலெத்தோ ஓர் அரசவைக் கோமாளி. கண் உருளும், இமை மூடும், வாய் திறக்கும். பக்கத்தில் இரண்டு கைகள். ஒன்றில் கட்டிய பெரிய பலூன். அத்தான் சொல்லிக்கொண்டே வந்தார்: “பொம்மையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே, பின்னால் வானத்தையும் பார்.” அவர் சொன்னது சரி. நிகழ்ச்சி தொடங்கும்போது ஏரிக்கு மேலே அந்தி மிச்சமிருந்தது. ஆரஞ்சு, பிறகு ஊதா, பிறகு எதிர்க்கரையில் விளக்குகள். அவன் மகள் கில்டாவாகப் பாடியவர் பலூன் கூடையில் ஏறி, ஏரிக்கு மேலே உயர்ந்து போய்க்கொண்டே தன் காதலைப் பாடினார். உயரப் பயம் உள்ள எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கதை கெட்டுப்போகப் போக அந்தத் தலையும் கெட்டுப்போகிறது. மூக்கு போகிறது, பல் போகிறது, கண் போகிறது, கடைசியில் மண்டையோடு. ரிகோலெத்தோவின் உள்ளத்தில் நடப்பதை ஏழாயிரம் பேரும் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட்டார் இயக்குநர் ஃபிலிப் ஷ்டோல்ஸ்ல். மேடைத் தொழில்நுட்பம் என்ற அளவில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் அங்கே இசைக்குழு உங்கள் முன்னால் இல்லை. வியன்னா சிம்பொனி கலைஞர்கள் பக்கத்துக் கட்டடமான விழா அரங்கத்துக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இசை நடத்துநரைப் பாடகர்கள் திரையில் பார்த்துப் பாடுகிறார்கள். பாடகர் குரல் மைக் வழியாக வருகிறது. இரண்டையும் கலந்து ஒலிபெருக்கிகள் வழியாகத் தருகிறார்கள். இதை மட்டமாகச் சொல்லவில்லை. அந்த ஒலியமைப்பு உலகத்தரம். பாடகர் மேடையில் இடப்பக்கம் ஓடினால் குரலும் இடப்பக்கம் ஓடும்படி கணக்கிட்டுத் தருகிறார்கள். அலையும் காற்றும் உள்ள ஏரியில் வேறு வழியும் இல்லை. எல்லாச் சொல்லும் தெளிவாகக் கேட்டது. எந்த இருக்கைக்கும் குறையில்லை. இருந்தாலும் அது நேராக வந்த குரல் அல்ல, கொண்டுவந்து தந்த குரல்.

வெரோனாவில் குரல் பல சமயம் சன்னமாகத்தான் வரும். இதை மறைக்கக் கூடாது. மேல்படியில் உட்கார்ந்தால் பாடகர் கட்டைவிரல் அளவு. தரையில் நின்று பாடும் ஒருவரின் தாழ்ந்த சுரங்கள் சில நேரம் இசைக்குழுவில் கரைந்துபோகும். காது அதற்குப் பழக அரை மணி நேரம் ஆகும். முதல் அங்கம் முடிவதற்குள் “இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்” என்று தோன்றினாலும் ஆச்சரியமில்லை. அதன் பிறகு ஒன்று நடக்கும். நீங்கள் முன்னால் சாய்ந்து கேட்கத் தொடங்கியிருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான் சாய்ந்திருப்பார். அத்தனை ஆயிரம் பேரும் சேர்ந்து மூச்சை அடக்கிக் கேட்கும் அந்த அமைதியில், தொலைவில் ஒரு சோப்ரானோ (மேல்ஸ்தாயிக் குரல் பாடகி) மேல்சுரத்தை மெல்லப் பிடித்து நிறுத்துவார். அது ஊசிமுனையாக நேரே உங்களிடம் வரும்.

‘நபுக்கோ’வில் பாபிலோனில் சிறைப்பட்ட எபிரேயர்கள் தாய்நாட்டை நினைத்துப் பாடும் கோரஸ் உண்டு. இத்தாலியர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டாவது தேசியகீதம். வெர்தி அதில் பெரும்பகுதியை எல்லாக் குரலும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடும்படி அமைத்திருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இழையாகப் பாடி, கடைசிச் சுரத்தைத் தேய்த்துத் தேய்த்து நூலாக்கி விட்டார்கள். அந்தச் சுரம் எப்போது நின்றது, அமைதி எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு முந்தைய படியில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கைதட்டல் அடங்கவேயில்லை. அங்கே வழக்கம்போல அந்தக் கோரஸை மறுபடியும் பாடினார்கள். ஊரில் கேட்டு மட்டுமே அறிந்த ஒரு கலை, அந்த இரவில் எனக்குச் சொந்தமானது. பிரெகன்ஸில் வாய்பிளந்து பார்த்தேன். வெரோனாவில் கண் கலங்கினேன். என் ஓட்டு வெரோனாவுக்குப் போவதற்கு முழுக் காரணம் இதுதான்.

மனம் இப்படிச் சொன்னாலும் திட்டம் போடும்போது மழையைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. இரண்டு ஊரும் மலையடிவார ஊர்கள். ஜூலை, ஆகஸ்டில் பகல் புழுங்கினால் இரவில் இடி மழை எதிர்பார்க்கலாம். இங்கேதான் இரண்டு இடங்களின் விதிகளும் நேர் எதிராக இருக்கின்றன.

வெரோனாவில் இசைக்குழு வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது. பழைய வயலின்கள், செல்லோக்கள். மரத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கேடு. அதனால் முதல் தூறலிலேயே நிறுத்திவிடுவார்கள். என் ‘நபுக்கோ’ இரவில் இரண்டாம் பகுதியில் அதுதான் நடந்தது. என் முழங்கையில் இரண்டு சொட்டு விழுந்ததை நான் உணர்வதற்குள், கீழே வயலின் கலைஞர்கள் வில்லைத் தாழ்த்தி, கருவியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள், குழந்தையை மழைக்கு மறைத்துத் தூக்கிப்போகும் தாய்மார் போல. பெரிய டபுள்பேஸ்காரர்கள் மட்டும் கடைசியாக, கருவியைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார்கள். பாதி மூச்சில் நின்ற பாடகர் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ஐம்பது நிமிடம் வளைவுகளுக்கு அடியில் ஒண்டி நின்றோம். பிறகு தரையைத் துடைப்பானால் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். முடியும்போது இரவு ஒன்றரை மணி. விதி கறாரானது: தொடங்குவதற்கு முன்பே ரத்தானால் பணம் திரும்பும், தொடங்கிவிட்டு நின்றுபோனால் திரும்பாது என்பதுதான் நெடுநாள் வழக்கம். டிக்கெட் வாங்கும்போது அந்த ஆண்டின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிரெகன்ஸில் இசைக்குழு கூரைக்குள் பத்திரமாக இருப்பதால், தூறலுக்கெல்லாம் நிறுத்தமாட்டார்கள். பாடகர்கள் நனைந்துகொண்டே பாடுவார்கள், நாமும் நனைந்துகொண்டே பார்ப்போம். குடை பிடிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழைக்கோட்டு கட்டாயம். கனமழை, மின்னல் என்றால் விழா அரங்கத்துக்குள் மாற்றி, காட்சியமைப்பு இல்லாமல் எளிமையாக நடத்துவார்கள். ‘மதாம் பட்டர்ஃப்ளை’யின் முதல் நாளே அப்படித்தான் பாதியில் உள்ளே போக நேர்ந்தது. ஆனால் உள்ளே எல்லோருக்கும் இடமில்லை. விலை கூடிய டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கே அந்த உரிமை. மற்றவர்களுக்கு, ஏரியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நடந்து நின்றிருந்தால் பணம் திரும்பும். மழை விஷயத்தில் சந்தேகமில்லாமல் பிரெகன்ஸே பாதுகாப்பான பேரம். வெரோனாவுக்குப் போகிறவர்கள் ஓர் இரவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டு இரவு தங்கும்படி போய், முதல் இரவுக்கு டிக்கெட் எடுங்கள். முதல் இரவு மழையில் போனால் அடுத்த நாள் அநேகமாக வேறு ஓப்பரா இருக்கும். படிகளில் பெரும்பாலும் இடம் கிடைக்கும். வெரோனாவில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு ஓப்பராக்கள் மாறி மாறி வரும். அரங்குக்கு வெளியே பிரா சதுக்கத்தில் அன்று தேவைப்படாத காட்சிப் பொருள்களை அடுக்கிவைத்திருப்பார்கள். எகிப்தியச் சிலைக்கும் கோட்டைச் சுவர்த் துண்டுக்கும் நடுவில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும் காட்சியைக் காபிக் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் காசு வேண்டாம்.

அடுத்தது உடம்பு. வெரோனாவில் நிகழ்ச்சி இரவு 9 மணி தாண்டித்தான் தொடங்கும். இடைவேளைகளோடு ‘ஐடா’ போன்றவை நள்ளிரவைத் தாண்டும். கடைசி ரயில் போய்விட்டிருக்கும், ஆகவே அந்த ஊரிலேயே அறை வேண்டும். விழா நாட்களில் அறை விலை ஏறும் என்பதால் டிக்கெட்டுக்கு முன்பே அறையைப் பிடிப்பது நல்லது. நான் கடைசி நேரத்தில் தேடி, ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் அறை எடுத்து, அந்த இரவில் டாக்சி கிடைக்காமல் முக்கால் மணி நேரம் நடந்தேன். கற்படிகள் உயரமானவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேல்படி ஏறுவது சிரமம், முதுகு சாய இடமும் கிடையாது. பிரெகன்ஸில் எல்லாம் முதுகுச் சாய்வுள்ள இருக்கை. இடைவேளை இல்லாமல் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அதற்குத் தக்கபடி ஓப்பராவைச் சற்றுச் சுருக்கியும் இருப்பார்கள். ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. லிண்டாவ் போன்ற பக்கத்து ஏரிக்கரை ஊர்களில் தங்குபவர்கள் விழாவுக்கென்று விடும் படகிலேயே வந்து போகலாம். ஏரிக்காற்றுக்கு மட்டும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பகலில் 30 பாகை இருந்தாலும் இரவில் கைகால் சில்லிட்டுவிடும். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளோடு போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரெகன்ஸ் போகலாம். அக்காவின் மகன் அந்தக் கோமாளித் தலையைப் பற்றி இன்றும் பேசுகிறான்.

வேறு இடங்கள் இல்லையா என்றால், உண்டு. ரோமுக்குப் போகிறவர்களுக்கு கராகல்லா குளியல் மண்டபம் வசதி. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மண்டபம் அது. அங்கே கோடை ஓப்பரா தொடங்கியது 1937இல். புகழ்பெற்ற டெனர் பாடகர்கள் பவரொத்தி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் சேர்ந்து முதன்முதலாகப் பாடியது அங்குதான், 1990 ஜூலை 7ஆம் தேதி, உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு. இசையை நடத்தியவர் மும்பையில் பிறந்த நம் சூபின் மேத்தா. இடிந்த செங்கல் தூண்களில் விளக்கு படும் அழகுக்காகவே ஒருமுறை போகலாம். ரோம் பயணத்துக்கு நடுவில் தனியாக ஊர் மாற வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல்.

டஸ்கனி பக்கம் போனால் தோரே தெல் லாகோ. இசையமைப்பாளர் புச்சினி வாழ்ந்த வீடும் அவர் அடக்கமான இடமும் ஏரிக்கரையில் இருக்கின்றன. அங்கேயே அவருடைய ஓப்பராக்கள். கொசுத் தைலம் மறக்காதீர்கள். பின்லாந்தின் சவோன்லின்னாவில் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் ஜூலையில் நடக்கும் விழாவுக்கு மேலே கூரை உண்டு, மழைப் பயம் இல்லை. ஆனால் அவ்வளவு வடக்கே அதற்கென்றே போக வேண்டும்.

வெரோனாவோடு உண்மையில் மோதக்கூடியது தெற்கு பிரான்ஸில் உள்ள ஒராஞ்ச்தான். அங்கே ரோமானியர் கட்டிய நாடக அரங்கின் பின்சுவர் 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரத்துக்கு முழுசாக நிற்கிறது. தன் நாட்டிலேயே மிக அழகான சுவர் இது என்று பதினான்காம் லூயி மன்னர் சொன்னாராம். பாடகரின் குரலை அந்தச் சுவர் அப்படியே வாங்கி அரைவட்டப் படிகளுக்குத் திருப்பித் தருகிறது. ஒலியின் தெளிவில் வெரோனாவை விட ஒருபடி மேல் என்று சொல்பவர்கள் நிறைய. சுவரின் அமைப்பைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. குறை, ரோன் பள்ளத்தாக்கில் வீசும் மிஸ்த்ரால் காற்று. 1974இல் பாடகி மொன்செராத் கபாயே ‘நோர்மா’ பாடிய இரவில் அந்தக் காற்று அவருடைய அங்கியைக் கொடிபோல் அடித்துப் புரட்டியது. அவர் அசையாமல் நின்று பாடி முடித்தார். இன்றும் ரசிகர்கள் அந்த இரவைச் சொல்லி மாய்கிறார்கள். இன்னொரு குறைதான் என்னைத் தடுப்பது. ஒராஞ்ச்சில் ஒரு கோடைக்குச் சில ஓப்பராக்கள்தான், ஒவ்வொன்றும் ஓர் இரவோ இரண்டு இரவோ. நம் விடுமுறைத் தேதி அதோடு பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தினால் விட்டுவிடாதீர்கள்.

காசு செலவழிக்கத் தயக்கமாக இருந்தால், அல்லது ஓப்பரா பிடிக்குமா என்றே தெரியாவிட்டால், வியன்னாவின் நகர மண்டபச் சதுக்கத்துக்குப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒவ்வொரு மாலையும் இருட்டியதும் பிரம்மாண்டத் திரையில் ஓப்பரா, பாலே, இசைக்கச்சேரிப் பதிவுகளை இலவசமாகக் காட்டுகிறார்கள். சுற்றிலும் பல நாட்டு உணவுக் கடைகள். பிடிக்கவில்லையா, எழுந்து வந்துவிடலாம். மனம் ஒட்டிக்கொண்டால் அடுத்த கோடையில் படியேறலாம்.

எங்கே போனாலும் இரண்டு விஷயங்களைச் செய்துவிட்டுப் போங்கள். ஒன்று, கதையை முன்கூட்டியே முழுமையாகப் படியுங்கள். ஓப்பராவில் முடிவைத் தெரிந்துகொள்வதால் சுவை கெடாது. நாம் ராமாயணக் கூத்துக்கு முடிவு தெரியாமலா போகிறோம்? முக்கியமான மூன்று நான்கு பாடல்களை ஒரு வாரம் காதில் ஓடவிட்டுப் போனால், அந்தப் பாட்டு மேடையில் வரும் கணத்தில் பழைய நண்பரைப் பார்த்ததுபோல் உடம்பு நிமிரும். முதல் முறைக்கு ‘கார்மென்’, ‘நபுக்கோ’, ‘ஐடா’ போல் கோரஸும் ஊர்வலமும் நிறைந்தவை வெரோனாவுக்குப் பொருந்தும். இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து முணுமுணுக்கும் கதை அந்த அகலத்தில் தொலைந்துபோகும். இரண்டாவது, டிக்கெட்டை விழாக்களின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். நான் ஒரு முறை இடைத்தரகு இணையதளம் ஒன்றில் வாங்கி, ஏறக்குறைய இரட்டை விலை கொடுத்தேன். வெள்ளி, சனி இரவுகளுக்கு விலை கூடுதல். வார நடுவில் போக முடிந்தால் அதே பணத்தில் இன்னும் நல்ல இடம் கிடைக்கும்.

அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேரம், நல்ல இருக்கை, இரவே வீடு. மழையிலும் பணம் போக வாய்ப்பு குறைவு. இதையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தபோது பிரெகன்ஸ் பக்கமே அதிகம் சேர்ந்தது. அப்படியிருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. படியேற முடியாவிட்டால் தரையில் நாற்காலி இருக்கிறது. அது மேடைக்கும் பக்கம். விலை அதிகம்தான், அக்காவும் நானும் பங்கு போட்டுக்கொள்ளலாம், அம்மாவும் அக்காவும் கீழே உட்காரட்டும், நான் மேலே மெழுகுவர்த்தியோடு உட்கார்கிறேன் என்றேன். அக்கா அரைமனதாக, “அம்மாவிடமே கேட்டுவிடு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு இடங்களையும் விவரித்தேன். ஏரி, பொம்மைத் தலை, பலூன் எல்லாம் சொன்னேன். “அப்படியா, அப்படியா” என்று கேட்டுக்கொண்டார். பிறகு வெரோனாவைச் சொன்னேன். கல், மெழுகுவர்த்தி, மழை வந்தால் எழுந்து போய்விடும் வயலின்காரர்கள். அம்மா நடுவில் நிறுத்தினார்.

“மைக் வைத்துப் பாடுவார்களா, இல்லையா?”

“ஏரியில் மைக் உண்டு அம்மா. வெரோனாவில் மைக்கை நம்பாமல் பாடுவதுதான் நூறு வருட மரபு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“வயலின்காரர்கள் உட்காரும் பக்கமாகப் பார்த்து இடம் எடு” என்றார்.